வெப்மெயிலுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

மெயில் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் ஓடத் தொடங்கியாயிற்று. இனி, அலுவலகத்தில் இருப்பவர்கள் பிரவுசரைத் திறந்து மெயில் பார்க்க ஒரு வழி வேண்டும். ரவுண்ட்கியூப், ஸ்னாப்பிமெயில், சோகோ மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். எது அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அப்டேட் வரும்போது அதை யார் போடப்போகிறார் என்பதை முடிவு செய்யுங்கள். ரவுண்ட்கியூபில் லாகின் செய்த ஒருவர் சர்வரிலேயே தன் நிரலை ஓட்ட இடம்கொடுத்த ஓட்டை ஒன்று 2025 ஜூனில் 1.6.11 பதிப்பில் அடைக்கப்பட்டது. பழைய பதிப்பை அப்படியே விட்டவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை. பராமரிப்பு நின்றுபோன ஸ்குவிரல்மெயிலை இன்று புதிதாக நிறுவவே கூடாது.

நாட்காட்டியும் தொடர்புப் பட்டியலும் மெயிலோடு சேர்ந்தே வேண்டும், போனிலும் ஒத்திசைய வேண்டும் என்றால் சோகோ. ஆனால் அமைப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் வேலை அதிகம். ரெயின்லூபிலிருந்து கிளைத்த ஸ்னாப்பிமெயில் மிக இலகுவானது. டேட்டாபேஸ் இல்லாமலே ஓடும் என்பதால் சின்ன சர்வருக்குப் பொருந்தும். அதன் டேட்டா கோப்புறையை மட்டும் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாதபடி மூடிவையுங்கள். ரவுண்ட்கியூபுக்கு டேட்டாபேஸ் தேவை, எஸ்கியூலைட்டே போதும். வடிகட்டி, பாஸ்வேர்டு மாற்றம் எல்லாவற்றுக்கும் பிளகின் உண்டு.

எதை எடுத்தாலும் அதிகம் தொல்லை தருவது இணைப்புக் கோப்பின் அளவுதான். என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்காது. பிஎச்பியில் பதிவேற்ற வரம்பு 2 எம்பி. போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு மடலுக்கு 1,02,40,000 பைட். மூன்றில் எது சிறியதோ அதுவே உங்கள் வரம்பு. அனுப்பும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும் என்பதால், கடைசி வரம்பை மட்டும் கணக்கில் எடுத்தாலும் ஏறத்தாழ 7 எம்பி கோப்புதான் போகும். 20 எம்பி கோப்பு போகவேண்டுமானால் போஸ்ட்ஃபிக்ஸில் 30 எம்பி வையுங்கள், மற்ற இரண்டையும் அதற்கேற்ப உயர்த்துங்கள்.

அடுத்தது, தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன். வெப்மெயில் வழியாகத் தவறான பாஸ்வேர்டு போடுபவரின் ஐபி டவ்காட் பதிவேட்டில் வழக்கமாக விழாது, வெப்மெயில் சர்வரின் ஐபியே விழும். தாக்குபவர் தப்பிவிடுவார், அல்லது வெப்மெயிலே தடைபட்டு அலுவலகம் முழுவதும் வெளியே நிற்கும். ஆகவே வெப்மெயிலின் சொந்தப் பதிவேட்டையே ஃபெயில்2பேனுக்குக் காட்டுங்கள். வெப்மெயிலும் மெயில் சர்வரும் தனித்தனிக் கணினியில் இருந்தால் ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 போர்ட். இரண்டிலும் டிஎல்எஸ் கட்டாயம்.

நாட்காட்டி கேட்காத அலுவலகத்துக்கு என் தேர்வு ரவுண்ட்கியூப். நிறுவி முடித்ததும் இன்ஸ்டாலர் கோப்புறையை மறக்காமல் அழித்துவிடுங்கள்.