சிறு டீசல் எஞ்சினின் உள்தண்டுகள்: கழற்றலும் சோதித்தலும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் மீன்பிடி டிங்கிகள் பலவற்றை ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் செலுத்துகின்றன. எஞ்சினின் உள்ளே இரு தண்டுகள் உள. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்குத் தண்டு. வால்வுகளைத் திறப்பது காம் தண்டு. சென்னையிலிருந்து உதிரிப்பாகம் வருவதாயின் ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல் கடந்து வர வேண்டும். நல்ல தண்டைக் கழித்தால் பொருளும் நாளும் வீண். பழுதுற்றதைப் பொருத்தினால் நடுக்கடலில் உயிருக்கே இடர். ஆகவே கண்மதிப்பை நம்பாது, அளந்தே முடிவு செய்தல் வேண்டும்.

கழற்றும் முறை

முதலில் மசகெண்ணெயை வடித்து நோக்குக. பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. உலோகத்துகள் மின்னினால் பேரிங் தேய்ந்துள்ளது. பின்னர்ச் சிலிண்டர் தலை, எரிபொருள் பம்பு, பிஸ்டன், பிளைவீல் ஆகியவற்றை அகற்றுக. இணைப்புக்கோலின் மூடியை வேறொன்றோடு மாற்றாதிருக்க அடையாளமிடுக. பற்சக்கரங்களின் நேர்க்குறிகளைப் பொருத்திப் பார்த்து, குறி இல்லையேல் புதிதாக இடுக. டாப்பெட்டுகளைக் காம்களினின்று விலக்கிய பின்பே காம் தண்டை உருவுக. பக்க மூடியின் அடியிலுள்ள மென்தகடுகளை எண்ணி வைக்க; தண்டின் பக்க அசைவை வரையறுப்பவை அவையே.

சோதிக்கும் முறை

தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய்த் துளைகளைத் தூய்மை செய்க. கரும்புள்ளிக் குழிகள் உப்புத் துருவையும், நீலநிறம் மிகுவெப்பத்தையும் காட்டும். கிராங்குத் தண்டின் பேரிங் அமரும் பகுதியை மைக்ரோமீட்டரால் இரு முனைகளிலும், ஒவ்வொரு முனையிலும் ஒன்றற்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் அளக்க. எடுத்துக்காட்டாக, ஒரே இடத்தில் 44.98 மி.மீ., 44.92 மி.மீ. எனக் கிடைத்தால் வட்டம் 0.06 மி.மீ. கோணியுள்ளது. முனைக்கு முனை வேறுபாடு கூம்பலைக் காட்டும். இவற்றைத் தயாரிப்பாளர் கைந்நூலின் எல்லையோடு ஒப்பிடுக. எல்லை மீறியிருப்பின், கைந்நூல் இடந்தரும் அளவு சாணை பிடித்து, அதற்கேற்ற குறை அளவுப் பேரிங்கைப் பொருத்தலாம்.

விரிசல் காண, தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துச் சுண்ணத்தூள் பூசுக. விரிசலுள் தங்கிய எண்ணெய் கசிந்து கோடாகத் தோன்றும். பேரிங் அமரும் பகுதி கிராங்குக் கையோடு சேரும் வளைவை நுணுகி நோக்குக. விரிசலுற்ற தண்டைக் கழித்தேயாக வேண்டும். காம் தண்டில் காம்களின் உயரத்தையும், தண்டின் நேர்மையையும் அளக்க.

மூழ்கிய எஞ்சின்

26-12-2004 ஆழிப்பேரலை போன்ற நிகழ்ச்சியில் எஞ்சின் கடல்நீரில் மூழ்கினால், அதனைச் சுழற்றிப் பார்க்கலாகாது. தாமதமின்றிப் பிரித்து, நன்னீரால் உப்பைப் போக்கி, உலர்த்தி, எண்ணெய் தடவுக. சோதித்த தண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்க. தீவின் உப்புக்காற்றில் வெற்று எஃகு விரைவில் துருவேறும்.

ஆசிரியர்கள் மாணவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அளக்கச் செய்து, அளவுகளை ஒப்பிட்டுக் காட்டுக. அளவு ஒத்துவரும்வரை தண்டைப் பற்றிய முடிவை ஒத்திவைத்தலே நன்று.