எந்தக் கோட்டைக்கு யாரை அழைத்துப் போவது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மெரினா, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மால் என்று பழகிவிட்டது. விடியற்காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் தூரத்தில் நான்கு பழைய கோட்டைகள் இருக்கின்றன. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலை நேராக வேலூருக்குப் போகிறது. வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் தெற்கே வண்டலூர், வடக்கே மீஞ்சூர். நகர நெரிசலில் நுழையவே வேண்டாம்.

எது பேர்பெற்ற கோட்டை என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கூட வருகிறவர்களில் யாருக்கு நடக்கச் சிரமமோ, அவரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

செஞ்சி: மலை ஏறுகிறவர்களுக்கு

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதில்கள் இணைக்கின்றன. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பிளவு. அதைப் பாலம் வழியாகத்தான் கடக்க வேண்டும். முகலாயப் படை 1698 வரை ஆண்டுக்கணக்கில் இங்கே ஏன் முற்றுகையிட்டுக் கிடந்தது என்பது அந்த இடத்தில் நின்றால் புரியும். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியர் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நல்ல மூட்டு உள்ளவர்களுக்கும் இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்கிவிடுங்கள். வழியில் நிழல் குறைவு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். தின்பண்டத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்குகள் பறித்துவிடும். ஏற முடியாதவர்கள் அடிவாரத்திலேயே கல்யாண மகாலையும் தானியக் களஞ்சியத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம்.

வேலூர்: மூன்று தலைமுறையும் ஒன்றாக

சமதரை, சுற்றிலும் அகழி, 133 ஏக்கர் பரப்பு. மதிலோரம் காலாற நடக்கலாம். பிள்ளைகள் ஓடி விளையாட இடம் உண்டு. ஜலகண்டேசுவரர் கோயில், தேவாலயம், மசூதி, அருங்காட்சியகம் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மதியம் நடை சாத்துவதற்குள் முதலில் அங்கே போய்விடுங்கள்.

1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுச்சி செய்த இடம் இது. அதை ஒடுக்க ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை ஆற்காட்டிலிருந்துதான் விரைந்து வந்தது. நீங்களும் அந்த ஆற்காட்டு வழியாகத்தான் போவீர்கள். பிள்ளைகளுக்கு அங்கேயே கதையைத் தொடங்கிவிடுங்கள். திரும்பும்போது ஆற்காடு மக்கன் பேடா வாங்க மறக்காதீர்கள்.

ஆலம்பரை: கடலும் அமைதியும்

கடப்பாக்கத்துக்கு அருகே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கழிமுகத்தோரம். ஒரு காலத்தில் நாணயம் அச்சடித்த துறைமுகம். 1750இல் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இன்று செங்கல் மதில்களின் மிச்சம்தான். படம் எடுப்பவர்களுக்கும் இருவராகப் போகிறவர்களுக்கும் மாலை வெயிலில் அருமையான இடம். மீனவர்கள் படகில் அழைத்துப் போவதுண்டு. உயிர்காப்புச் சட்டை இருந்தால் மட்டும் ஏறுங்கள். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

பழவேற்காடு: பறவை பார்க்க

ஆவடிக்காரர்களுக்கு நான்கிலும் அருகில் இருப்பது இதுதான். மீஞ்சூர், பொன்னேரி வழியாக அரைநாளில் போய்வரலாம். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கோட்டையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டமும், குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகளும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். ஒரு தொலைநோக்கி எடுத்துப்போங்கள். கரையில் நின்றே பாருங்கள்: 2011 கிறிஸ்துமஸ் அன்று அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

என் தீர்ப்பு

பாட்டியும் பேரனும் சேர்ந்து வந்தால், யோசிக்காமல் வேலூர். நண்பர்கள் மட்டும் என்றால் செஞ்சி, அதுவும் மார்கழி, தை மாதங்களில். அரைநாள்தான் கிடைக்கும் என்றால் பழவேற்காடு. கூட்டமே வேண்டாம் என்றால் ஆலம்பரை. ஒரே நாளில் இரண்டு கோட்டை பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பாதி நாள் சாலையிலேயே போய்விடும்.