ஒரே ஹாலுக்கு ரெண்டு கூட்டமா?



கூட்டமைப்பு ஹாலில் ஒரே நேரத்துக்கு ரெண்டு கூட்டம் வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு குழு திரும்பிப் போகணும். அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. கடன் விஷயமாக வங்கி மேலாளர் வரும் நாளாக இருந்தால் இன்னும் கஷ்டம். நாம் நோட்டில் எழுதித்தான் வைக்கிறோம். ஆனால் நோட்டு ஒருத்தர் கையில் இருக்கு, கேட்பவர்கள் பல ஊரில் இருக்கிறோம்.

பெரிய அலுவலகங்களிலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே கம்ப்யூட்டர் காலண்டரில் அறையையும் ஒரு ஆளைப்போல பதிவு செய்துவிடுகிறார்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸில் அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போமா?

1. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர் 'அட்மின் கன்சோல்' திறந்து, 'டைரக்டரி' என்பதில் 'பில்டிங்ஸ் அண்ட் ரிசோர்சஸ்' பகுதிக்குப் போகணும்.

2. முதலில் கட்டிடத்தின் பெயர், மாடி விவரம் சேர்க்கணும்.

3. பிறகு அறையின் பெயர், எந்த மாடி, எத்தனை பேர் உட்காரலாம், புரொஜெக்டர் உண்டா என்று பதியணும். அந்த அறைக்கென்று தனி காலண்டர் வந்துவிடும்.

4. கூட்டம் வைப்பவர் தேதி, நேரம் போட்டு, அழைப்பவர்களோடு அறையையும் சேர்க்கணும். காலியாக இருந்தால் அறை தானாக ஏற்கும். வேறு கூட்டம் இருந்தால் மறுத்துவிடும்.

இதில் பெரியவர், சின்னவர் பார்ப்பதில்லை. முதலில் பதிந்தவருக்கே இடம்.

இந்த வசதி நிறுவனக் கணக்குக்குத்தான் உண்டு. நம்மிடம் இருக்கும் சாதாரண ஜிமெயிலில் என்ன செய்யலாம்? கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டரைத் திறந்து, ஹால் பேரில் தனி காலண்டர் உருவாக்கி, குழுப் பிரதிநிதிகளோடு பகிரலாம். யார் போனில் பார்த்தாலும் எந்த நாள் காலி என்று தெரியும். ஆனால் ஒன்றை மறக்காதீங்க: இது தானாக மறுக்காது. ஒரே நேரத்தில் ரெண்டு பேர் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் எழுதும் உரிமையை ஒருத்தர் அல்லது ரெண்டு பேருக்கு மட்டும் கொடுங்க. மற்றவர்கள் பார்த்தால் போதும்.

கூட்டம் ரத்தானால் உடனே காலண்டரிலும் நீக்கணும். இல்லாவிட்டால் ஹால் சும்மா பூட்டிக் கிடக்கும், கேட்கும் குழுவுக்கும் கிடைக்காது.

அடுத்த கூட்டத்தில் பேசுங்க: எழுதும் பொறுப்பு யாருக்கு? போன் இல்லாத குழுவுக்கு யார் தகவல் சொல்வது? முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஹால் நம் எல்லோருக்கும் பொது. அது எப்போது காலி என்பதும் எல்லோருக்கும் தெரியணும்.