இரத்தத்தின் குறையும் ஈரல், மூளையின் கேடும்



ஓர் உறுப்புக்கு வரும் வியாதி அந்த உறுப்போடு நின்றுவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இரத்தத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. தேகமெங்கும் ஓடுவது இரத்தம். ஆகவே அதில் உண்டாகும் குறை வேறோர் இடத்தில் போய் வெளிப்படும். வேறோர் உறுப்பின் வியாதியும் இரத்தத்தில் வந்து தெரியும். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இரத்த சோகை வருவதை நாம் பார்க்கிறோம். சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் பொருள் சிறுநீரகத்தில் சுரப்பதே அதற்குக் காரணம்.

இவ்வுண்மையை அறிந்து நமது சிங்கப்பூர் பெரும்பயன் அடைந்த வரலாறு ஒன்று உண்டு. அதையே இம்முறை பாடமாகக் கொள்வோம்.

1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் இங்கு பிறந்த சிசுக்களில் பல, பிறந்த சில நாட்களுக்குள் மேனி மஞ்சளித்து, பால் குடியாமல் சோர்ந்து இறந்துபோயின. பிழைத்த பிள்ளைகளிலும் சிலர் செவிப்புலன் இழந்தும், கைகால்கள் தம் வசப்படாமலும் வளர்ந்தனர். மூளையைப் பாதிக்கும் இந்நோய்க்குக் கெர்னிக்டெரஸ் என்று பெயர். பேராசிரியர் வோங் ஹொக் பூன் முதலிய குழந்தை வைத்தியர்கள் இதை ஆராய்ந்தார்கள். பல பிள்ளைகளிடத்தில் நோயின் வேர் மூளையில் இல்லை, இரத்தத்தின் சிவப்பணுவில் இருக்கிறது என்று கண்டார்கள்.

அக்குறை யாது? சிவப்பணுவுக்குள் ஜி-6-பி-டி என்னும் நொதிப்பொருள் உண்டு. இரும்பைத் துருவிலிருந்து காக்கும் சாயம் போல, அது அணுவைச் சிதையாமல் காக்கிறது. இது குறைவாக உள்ளவர்கள் சாதாரண நாட்களில் சுகமாகவே இருப்பர். ஆயினும் சில மருந்துகளோ பொருள்களோ உட்சென்றால், அல்லது கடும் காய்ச்சல் கண்டால், சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடைந்துபோகும். மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின் மாத்திரை சிலருக்கு மட்டும் ஏன் தீங்கு செய்கிறது என்று ஆராயப்போய், 1956-ல் அமெரிக்க அறிஞர்கள் இக்குறையைக் கண்டுபிடித்தனர்.

இனி, இரத்தத்தின் கேடு மூளைக்குச் செல்லும் வழியைப் பார்ப்போம். அணு உடைந்தால் பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் பெருகும். அதை மாற்றிப் பித்தத்தோடு வெளியேற்றுவது ஈரலின் வேலை. பச்சைப் பிள்ளையின் ஈரலோ இன்னும் பக்குவப்படாதது. சுமை மிகுந்தால் அது தாங்காது. எஞ்சிய மஞ்சள் முதலில் கண்ணிலும் தோலிலும் தெரியும். அளவு மீறினால் மூளையிலும் படியும். அங்கு உண்டான சேதத்தை மீட்பது அரிது. வளர்ந்தவர்களுக்கோ சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போகும். சிலவேளை சிறுநீரகமும் பழுதாகும். குறை ஒன்று, கேடு நான்கிடத்தில்!

இதையறிந்து 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து வருகிறார்கள். 1966-ல் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி ஒன்றில் மட்டும் 39,835 பிள்ளைகள் பிறந்தார்கள் என்றால், அவ்வேலையின் பெருமையை நாம் உணரலாம். குறையுள்ள சிசுவைக் கண்காணித்து, மஞ்சள் ஏறினால் நீல ஒளியின் கீழ் கிடத்துகிறார்கள். மிக ஏறினால் இரத்தத்தையே மாற்றுகிறார்கள். அதனால் இன்று கெர்னிக்டெரஸ் இங்கே மிக அரிதாகிவிட்டது. பெரும்பாலான சிசுக்களுக்கு லேசான மஞ்சள் வந்து தானே போவதும் உண்மைதான். ஆனால் எது லேசு, எது ஆபத்து என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாகாது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டில் வைத்திருப்பதும் தகாது.

நிற்க. நாம் செய்ய வேண்டியவை என்ன?

முதலாவது, பாச்சை உருண்டை. இதில் நாஃப்தலீன் இருந்தால் அதன் ஆவியே குறையுள்ள சிசுவுக்கு விஷமாகும். பெட்டியில் உருண்டையோடு வைத்திருந்த பழைய கைலியில் பிள்ளையைச் சுற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். செம்பவாங்கில் கடை நடத்தும் நாம், உருண்டை கேட்டு வருவோரிடம், "வீட்டில் பச்சைப் பிள்ளை உண்டா?" என்று கேட்ட பிறகே எடுத்துக் கொடுக்கிறோம். ஏனைய கடைக்காரச் சகோதரர்களும் இவ்வாறு கேட்பது நன்று.

இரண்டாவது, உணவும் மருந்தும். எகிப்தியர் 'ஃபூல்' என்று சமைக்கும் பெரிய அவரை இங்கு வறுத்த பொட்டலமாகவும் விற்பனையாகிறது. குறையுள்ளோர் அதைத் தொடலாகாது. நாட்டு மருந்தானாலும் மாத்திரையானாலும் வைத்தியரிடம் குறையைச் சொல்லிவிட்டே வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஊருக்குச் சென்று பிரசவிப்பவர்கள். கடையநல்லூரிலோ கூத்தாநல்லூரிலோ பிள்ளை பெற்றால், இச்சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இல்லையெனில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தமிழகத்தில் எல்லா இடத்திலும் இது தானாக நடப்பதில்லை. இந்தியரைவிடச் சீனர், மலாய்க்காரரிடையே இக்குறை கூடுதல். மலாய்க் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துள்ள நம்மவர் இதை மனதிற்கொள்வது நலம்.

இன்னொன்றும் கூறவேண்டும். இக்குறை ஆண்பிள்ளைகளுக்குத் தாய்வழியே வருகிறது. இதைக் காரணங்காட்டி மருமகளைப் பழிப்பது அநியாயம். தாய்க்கு அது அவளுடைய வாப்பாவிடமிருந்தே வந்திருக்கலாம். அவள் தேடிப் பெற்றதன்று. இது தொற்றுநோயுமன்று, நிக்காஹுக்குத் தடையுமன்று. எச்சரிக்கையாக வளர்த்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து, உழைத்து, நீண்டநாள் வாழும்.

ஆகவே இன்றே பிள்ளையின் சுகாதாரக் குறிப்பை எடுத்து, ஜி-6-பி-டி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குறை உண்டென்றிருந்தால் அதைப் பிள்ளையின் பாட்டிக்கும், பள்ளிக்கூட ஆசிரியருக்கும் சொல்லிவையுங்கள். பிள்ளை வளர்ந்ததும் அதற்கே சொல்லிக்கொடுங்கள்.