வரத்துக் குறைந்தால் விலை ஏறியே தீருமா?

சந்தைக்கு வெங்காய வரத்துக் குறைந்தால் விலை ஏறும். இது கமக்காரர் எல்லோரும் அறிந்ததே. "பிட்கொயினும் அப்படித்தான், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதன் புதிய வரத்துப் பாதியாகிறது, ஆகவே விலை ஏறியே தீரும்" என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் உண்டு. நட்டஈடாகவோ, வெளிநாட்டிலுள்ள உறவினரிடமிருந்தோ வந்த சிறு தொகையைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்தப் பேச்சை ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

1. பிட்கொயின் என்றால் என்ன?

இது கையில் எடுக்கக்கூடிய காசு அல்ல. உலகெங்குமுள்ள கணனிகள் பொதுவாக வைத்திருக்கும் ஒரு கணக்கேட்டில் பதியப்படும் தொகை. 2009 ஜனவரியில் இது தொடங்கியது. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஏட்டில் ஒரு பக்கம் சேரும். கடினமான ஓர் எண் புதிருக்கு முதலில் விடை காணும் கணனியின் சொந்தக்காரர் அப்பக்கத்தைச் சேர்த்து, கூலியாகப் புதிய நாணயங்களைப் பெறுவார். இதனை 'அகழ்தல்' என்பர். இதற்கு மின்சாரம் பெருமளவில் செலவாகும்.

2. கூலி பாதியாவது எப்படி?

தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்குக் கூலி 50 நாணயம். 210,000 பக்கங்களுக்கு ஒருமுறை அது பாதியாகும் என்பது முதலிலேயே எழுதப்பட்ட விதி. 2012இல் 25, 2016இல் 12.5, 2020இல் 6.25, 2024 ஏப்ரலில் 3.125 எனக் குறைந்தது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் உருவாகாது.

வெங்காய விலை ஏறினால் அடுத்த போகத்தில் கூடுதலாக நடுவோம். இங்கு அது முடியாது. அகழ்வோர் கூடினால் புதிர் கடினமாகும்; கூலி குறைந்து கட்டுப்படியாகாதவர்கள் விலகினால் புதிர் இலகுவாகும். பத்து நிமிடக் கணக்குப் பெரிதும் மாறாது.

3. விலைக்கு என்ன நடந்தது?

2012 குறைப்பின்போது ஒரு நாணயம் சுமார் 12 அமெரிக்க டொலர். ஓராண்டில் 1,000ஐத் தாண்டியது. 2016இல் சுமார் 650. 2017 டிசெம்பரில் 20,000ஐ நெருங்கியது. 2020இல் சுமார் 8,600. 2021 நவம்பரில் ஏறக்குறைய 69,000. பணம் கேட்பவர் இவ்வளவோடு நிறுத்திவிடுவார். ஆனால் 2018 டிசெம்பரில் விலை 4,000க்குக் கீழே போனது. 2022 நவம்பரில் சுமார் 16,000க்கு விழுந்தது. உச்சத்தில் வாங்கியவர் அப்போது விற்றிருந்தால் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இழந்திருப்பார்.

4. கவனிக்க வேண்டியவை

• குறைப்பு வரும் காலம் எல்லோருக்கும் முன்பே தெரியும். வாங்க நினைப்போர் அதுவரை காத்திருப்பதில்லை. 2024 குறைப்புக்கு முந்திய மாதமே விலை 73,000ஐத் தாண்டியிருந்தது.

• 2024 ஏப்ரலுக்குள் 1 கோடியே 96 இலட்சத்துக்கு மேல் உருவாகிவிட்டன. அதன்பின் நாளொன்றுக்குச் சேர்வது சுமார் 450 மாத்திரமே. களஞ்சியம் நிறைய நெல் இருக்கையில் ஒரு வயலின் விளைச்சல் குறைவது போன்றது இது. பழைய இருப்பை வைத்திருப்போர் விற்றால் விலை இறங்கும்.

• வாங்குவோரின் கையிருப்பும் விலையைத் தீர்மானிக்கும். 2020இல் கொரோனாவால் பல நாடுகளில் வட்டி குறைந்து பணம் பெருகியது. 2022இல் வட்டி ஏறியது, விலை விழுந்தது.

• இதுவரை நடந்தவை நான்கு குறைப்புகளே. நாலு போகத்தை வைத்து ஐந்தாவதின் விளைச்சலைச் சொல்ல முடியுமா?

இத்தகைய நாணயங்களில் பணம் போடுவதன் ஆபத்தைப் பற்றி இலங்கை மத்திய வங்கி 2021இலும் 2022இலும் பொதுமக்களை எச்சரித்தது. விதைநெல் வாங்க வைத்த காசையும் அடைவு வைத்த நகைக் காசையும் இதில் போடாதீர்கள். விற்க ஆளில்லாத வெங்காயத்தைக் கறிக்காவது போடலாம்; இதற்கு அந்த உபயோகமும் இல்லை.

கலந்துரையாட:

1. எல்லோருக்கும் முன்பே தெரிந்த பற்றாக்குறையால் யார் இலாபம் அடைவர்?
2. "நிச்சய இலாபம்" என்பவரிடம் நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?
3. உங்கள் குடும்பம் எவ்வளவு நட்டத்தைத் தாங்கும்? வீட்டார் எல்லோரும் கூடிக் கணக்கிடுங்கள்.