ஒரு டம்ளர் ஜூஸும் பன்னிரண்டரைச் சுற்றும்

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



சென்ற ஆண்டு எங்கள் விடுதி அறையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. "ஓடுவதற்கு முன் ஜூஸ் குடித்தால் கொழுப்பு கரையாது" என்பது என் கட்சி. "பழம்தானே, அது என்னடா பண்ணப் போகுது?" என்பது அறை நண்பனின் கட்சி. கடைசியில் இருவருமே தோற்றோம். எப்படி என்பதுதான் இக்கட்டுரை.

நம் உடம்பு இரண்டு எரிபொருளில் ஓடும் எஞ்சின். ஒன்று கொழுப்பு, மற்றது சர்க்கரை. 1 கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். சர்க்கரை 4 தரும். 60 கிலோ எடையுள்ளவரிடம் 9 கிலோ கொழுப்பு இருந்தால் கையிருப்பு சுமார் 80,000 கிலோ கலோரி! ஆனால் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் சர்க்கரை சுமார் 500 கிராம், அதாவது 2,000 கிலோ கலோரிதான்.

எது எரிகிறது என்று எப்படித் தெரியும்? நம் தெர்மல் லேபில் ஆர்சாட் கருவியை வைத்துப் புகைவாயுவைச் சோதிக்கிறோம் அல்லவா? அதே தத்துவம்தான். ஓடுபவர் விடும் மூச்சைச் சோதிக்கிறார்கள். குளுக்கோஸ் எரிந்தால் 6 பங்கு ஆக்சிஜனுக்கு 6 பங்கு கார்பன் டை ஆக்சைடு, விகிதம் 1. பால்மிடிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் எரிந்தால் 23-க்கு 16; விகிதம் 0.7. ஒரே சீராக ஓடும்போது இந்த எண் 1-ஐ நெருங்கினால், சர்க்கரை அதிகம் எரிகிறது என்று அர்த்தம்.

இனி ஜூஸுக்கு வருவோம். குடித்ததும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் கொழுப்புக் கிடங்கின் கதவைச் சாத்திவிடும். அதனால் கொழுப்பு எரிவது குறையும். ஆக, என் கட்சி சரிதானே? அவசரப்படாதீர்கள்!

வேகம் கூடக் கூட, ஜூஸ் குடிக்காவிட்டாலும் உடம்பு தானாகவே சர்க்கரைக்கு மாறிவிடுகிறது. காரணம், 1 லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரை சுமார் 5 கிலோ கலோரி தரும், கொழுப்பு 4.7-தான் தரும். மூச்சு வாங்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் பெரிது. கொழுப்பு அதிகம் எரிவது மிதமான வேகத்தில்தான்.

இது தெரியாமல் நான் 5000 மீட்டர் தேர்வு ஓட்டத்துக்கு முதல் நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்தினேன். மறுநாள் சாயங்காலம் ஒன்பதாவது சுற்றில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டிராக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். பி.டி. சார் வந்து, "ஏம்ப்பா, டேங்க்ல பெட்ரோல் ஊத்தாம வண்டி ஓட்டலாம்னு பாத்தியா?" என்றார். அணியில் என் இடம் போயிற்று.

1924-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மிகவும் தளர்ந்து போனவர்களுக்கு ரத்தச் சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. 1925-ல் ஓட்டத்தின் நடுவே மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள், தளர்ச்சி தவிர்ந்தது. இதை நான் முன்பே படித்திருக்கக் கூடாதா!

நண்பன் கதை வேறு. அவன் எடை 80 கிலோ. ஓடினால் கிலோமீட்டருக்கு, கிலோ எடைக்குச் சுமார் 1 கிலோ கலோரி செலவு. தினமும் 3 கிலோமீட்டர் ஓடினான்: செலவு 240. பிறகு சாத்துக்குடி ஜூஸ் இரண்டு டம்ளர். 200 மில்லி ஜூஸில் பழச் சர்க்கரை சுமார் 20 கிராம், கடைக்காரர் போடும் சீனி 10 கிராம். ஒரு டம்ளருக்கு 120, இரண்டுக்கு 240. வரவும் செலவும் சரி! மூன்று மாதமாகியும் பேண்ட் தளரவில்லை.

நாங்கள் கற்ற பாடம் இதுதான்:

1. எடை குறைய வேண்டுமா? ஓடும் அரைமணியில் எது எரிந்தது என்று பார்க்காதீர்கள். நாள் முழுவதற்கும் வரவு செலவு பாருங்கள். சிறு ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். பழத்தை மென்று தின்னுங்கள்.

2. போட்டியா? பட்டினி வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள்.

3. ஒரு மணி நேரத்துக்கு மேல் கடும் பயிற்சி என்றால் இடையிடையே ஜூஸ் கை கொடுக்கும். அப்போது அட்ரினலின் இன்சுலினை அடக்கி வைப்பதால், கதவு அவ்வளவு சாத்தப்படுவதில்லை.

4. சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இந்த ஆண்டு தேர்வு ஓட்டத்தன்று மத்தியானம் சாம்பார் சாதம் வயிறாரச் சாப்பிட்டேன். பன்னிரண்டரைச் சுற்றும் முடித்தேன். மூன்றாவதாக வந்தேன், அணியிலும் சேர்ந்தேன். நண்பர்களே, எஞ்சினைக் குறை சொல்லுமுன் டேங்கைத் திறந்து பாருங்கள்!