புத்தக அலமாரியின் பின்பலகை வளைந்தால்

மும்பை மழையில் புத்தக அலமாரியின் பின்பலகை உப்பி வளைவதுண்டு. சுவர்ப் பக்கம் பெயிண்ட் இல்லாததால் அப்பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சி விரிவதே காரணம். அலமாரி கோணாமல் நிற்பது பெரும்பாலும் இப்பலகையால்தான், அலட்சியம் கூடாது.

மழை ஓய்ந்ததும் புத்தகங்களை இறக்கிவிட்டுப் பலகையைக் கழற்றுங்கள். உப்பிய பக்கம் மேலாக, சமதரையில் சட்டங்கள் மேல் கிடத்தி, சீராகப் பாரம் ஏற்றிச் சில நாள் காயவிடுங்கள். ஹார்டுபோர்டு உதிர்ந்திருந்தால் 6 மி.மீ. பிளைவுட் போடுவது நல்லது. இருபுறமும் ஓரங்களிலும் பிரைமர், பெயிண்ட் பூசுங்கள்.

அலமாரியின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என அளந்தபின் திருகாணியால் பொருத்துங்கள். பலகைத் துளைகள் திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். தண்டவாள இணைப்பில் இடைவெளி விடுவது போலத்தான்: இரும்பு வெப்பத்தில் நீளும், பலகை ஈரத்தில் விரியும்.

அலமாரியைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளியே வையுங்கள்.